அனோஜாவுக்கு இரண்டு நட்சத்திரம்

வெள்ளவத்தையில் கலியாணம் பேசிக் கொடுக்கிறவர்கள் ஒழுங்கைக்கு ஒருவராவது இருப்பார்கள். சுரேகாவைக் கேட்டால் மட்டும், தான் ஒருத்தி, மற்றதெல்லாம் சும்மா என்பாள். "நான் பேசின கலியாணம் ஒண்டும் விவாகரத்தெண்டு கோட்டுக்குப் போனதில்லை" என்பது அவள் வாயில் எப்போதும் இருக்கும் வசனம். உண்மையில் ஒன்று போனது. அந்த மாப்பிள்ளை கனடாவில் ஏற்கெனவே ஒருத்தியோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தான். அதைச் சாதகத்தின் தலையில் கட்ட முடியாது என்று தீர்ப்புச் சொன்னவளும் சுரேகாதான்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணத்தைச் செய் என்று பழையவர்கள் சொன்னது தனக்குத் தந்த லைசன்ஸ் என்றே அவள் நினைத்திருந்தாள். மாப்பிள்ளையின் உயரத்தில் இரண்டு அங்குலம் கூட்டுவாள். பெண்ணின் நிறையில் நாலு கிலோவைக் குறைப்பாள். மாமியாராகப் போகிறவளின் வாயைப் பற்றி மூச்சும் விடமாட்டாள். ஆனால் சாதகத்தில் மட்டும் கை வைக்க மாட்டாள். அதை அவளுடைய கம்ப்யூட்டர் சொல்லும். அது சொன்னால் சொன்னதுதான்.

கம்ப்யூட்டர் என்றால் அதற்குள் இருந்த சாதகப் புரோகிராம். யாழ்ப்பாணத்தில் யாரோ ஒரு கணக்கு வாத்தியார் செய்து, சீடியில் போட்டு விற்றது. செய்தவர் இப்போது எந்த நாட்டில் இருக்கிறார், இருக்கிறாரா என்றுகூட யாருக்கும் தெரியாது. சாம்பல் நிறத் திரை, தடித்த எழுத்து. திறந்தவுடன் ஒரு கீச்சு நாதஸ்வரம் ஊதும். அந்தச் சத்தம் கேட்டால் எதிரே இருக்கிற தாய் தகப்பன்மார் தாங்களாகவே நிமிர்ந்து உட்காருவார்கள். இருபது வருசமாகச் சுரேகாவின் பிழைப்பு அந்த நாதஸ்வரத்தில்தான் ஓடியது.

போன மாதம்தான் அந்தக் கம்ப்யூட்டரை நிஹ்லாவிடம் கொண்டுபோனாள். காலி வீதியில் புடைவைக் கடைக்கு மேல்மாடியில் கம்ப்யூட்டர் திருத்துகிற கடை வைத்திருக்கிறவள் நிஹ்லா. கறுப்பு ஹிஜாபும், காதில் சொருகிய ஸ்குரூ டிரைவருமாக அவள் வேலை செய்கிற வேகத்தைப் பார்த்து, இவள் எங்கள் ஆளாக இருந்தால் எத்தனை இடத்தில் பேசியிருப்பேன் என்று சுரேகா பெருமூச்சு விட்டிருக்கிறாள்.

"ஆன்ட்டி, இந்தப் பழைய விண்டோஸுக்கு இனி அப்டேட் ஒண்டும் வராது. வைரஸ் பூந்தா கேக்க ஆளில்ல. மெஷினும் மிச்சம் பழசு. புதுசு ஒண்டு எடுத்து, உங்கட சாமான் எல்லாத்தையும் அதில போட்டுத் தாறேன்" என்றாள் நிஹ்லா. பிறகு வைத்தியர் கேட்பதுபோல், "பழைய புரோகிராம் ஏதும் ஈக்கிதா? சிலது புதுசில ஓடாது" என்றும் கேட்டாள்.

அந்த இடத்தில் சுரேகா வாயை மூடிக்கொண்டு யோசித்திருக்கலாம். "ஒண்டுமில்லைப் பிள்ளை. சாதகம் ஒண்டுதான். அது தன்ர பாட்டில கிடக்கட்டும்" என்றாள். நிஹ்லாவும் அது ஏதோ படமோ கடதாசியோ என்று எண்ணி அப்படியே தூக்கிப் புதியதில் போட்டாள். புதுத் திரையில் பழைய பிள்ளையார் படம் அதே மூலையில் அதே மாதிரி இருந்தது. யாரும் அதை அமத்திப் பார்க்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பதைச் சுரேகா மற்றவர்களுக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள்.

வினை ஒரு போயா தினத்தன்று, ஊரே லீவில் இருக்கிற பௌர்ணமி நாளில் வந்தது. கிருலப்பனையிலிருந்து சிவமலர் கூப்பிட்டாள். அவளுடைய மகன் ராகுலனுக்கும் கொட்டாஞ்சேனை அனோஜாவுக்கும் சுரேகா பேசிய கலியாணம் பேச்சு முடிந்து, மண்டபமும் பிடித்து, சாப்பாட்டுக்காரனிடம் பாயசமா ஐஸ்கிறீமா என்ற சண்டை வரைக்கும் வந்திருந்தது. இனிப் பொன்னுருக்கல். தாலிக்குப் பொன் உருக்குகிற நாளைப் பார்க்க ஐயர் இரண்டு பேரின் பொருத்தக் கடதாசியைக் கேட்டிருந்தார்.

"அதைப் பத்திரமா வைச்சனான் சுரேகா. இப்ப எங்க எண்டுதான் தெரியேல்லை. இன்னொரு கொப்பி அனுப்பிவிடுமன்" என்றாள் சிவமலர்.

"இந்தா, இப்பவே வருது அக்கா!"

சுரேகா பிள்ளையாரை அமத்தினாள். நாதஸ்வரம் ஊதவில்லை. இது இந்தக் கம்ப்யூட்டரில் ஓடாது என்று ஆங்கிலத்தில் ஒரு நீலப் பெட்டி வந்து நின்றது. திரும்ப அமத்தினாள். திரும்பவும் பெட்டி. பிள்ளையாருக்கே கதவைச் சாத்துகிற கம்ப்யூட்டரை அவள் அன்றுதான் கண்டாள். நிஹ்லாவுக்குப் போன் அடித்தால், போயாவுக்குக் கடை பூட்டு, குடும்பமாகப் பேருவளைக்குப் போய்விட்டார்கள் என்று பதில் வந்தது.

பொறுத்திருக்கிற பிறவியா சுரேகா! இன்டர்நெட்டில் தேடி, சும்மா கிடைத்த ஒரு சாதகப் புரோகிராமை இறக்கினாள். தாமரை என்ன, தங்க நிறக் கரை என்ன, அவ்வளவு வடிவு. இரண்டு பேரின் பிறந்த திகதியையும் நேரத்தையும் அடித்தாள். மூன்று பக்கத்தில் பொருத்தம் வந்தது. கீழே ஓட்டோவில் வேறொரு பெண்வீட்டார் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார்கள். வந்ததை வாசிக்காமலே வட்ஸப்பில் சிவமலருக்குத் தட்டிவிட்டுப் படியிறங்கினாள். இருபது வருசமாக அவள் வாசித்துப் பார்த்து அனுப்பியதில்லை, அப்படி ஒரு தேவை வந்ததுமில்லை.

பின்னேரம் சிவமலர் திரும்பக் கூப்பிட்டபோது குரல் வேறாக இருந்தது.

"சுரேகா, அந்தப் பிள்ளையின்ர நட்சத்திரம் என்னெண்டு எனக்குச் சொன்னனீர்?"

"மகம் அக்கா. மகம் ஜெகத்தை ஆளும் எண்டு சொல்லித்தானே அண்டைக்குச் சிரிச்சனாங்கள்."

"அப்ப ஏன் இதில ஆயிலியம் எண்டு கிடக்கு?"



ஆயிலியம் மாமியாருக்கு ஆகாது. சாதகம் என்றால் என்னவென்றே தெரியாத தமிழனுக்கும் இந்த ஒரு வசனம் தெரியும். யார் சொன்னது, எத்தனை மாமியார்மாரை எண்ணிப் பார்த்துச் சொன்னது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அந்த வசனத்தால் நாற்பது வயதுவரை வீட்டில் இருந்த பெண்பிள்ளைகளைச் சுரேகாவுக்குத் தெரியும். பெற்றவர்கள் சாதகத்தை நீட்டும்போதே கண்ணைத் தாழ்த்திக்கொள்வார்கள். அந்தத் தாழ்ந்த கண்களைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குக் கோபம்தான் வரும். யாரில் கோபம் என்றுதான் தெரியாது.

"எனக்குப் பிறஷர் இருக்கு" என்றாள் சிவமலர். "குளுசையும் ஒழுங்காப் போடுறதில்லை. போன மாசம் குசினிக்குள்ள தலை சுத்தி விழுந்தனான். நான் கெட்டவள் இல்லை சுரேகா. அந்தப் பிள்ளையில எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனா எனக்குப் பயமாக் கிடக்கு."

"அக்கா, அது மெஷின் விட்ட பிழை! நான் சரியானதை எடுத்துக்கொண்டு நேரில வாறன். நீங்கள் அது வரைக்கும் ஐயருக்கும் சொல்லவேண்டாம், ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம்."

போனை வைத்துவிட்டுத் தாமரைக் கடதாசியை முதல் தரமாக வாசித்தாள். அடியில் சின்ன எழுத்தில் 'திருக்கணித முறை' என்று இருந்தது. அவளுக்கு விளங்கிவிட்டது. பழைய புரோகிராம் வாக்கிய பஞ்சாங்கம், பழைய சூத்திரங்களை வைத்துக் கணிப்பது. புதியது திருக்கணிதம், இந்தக் காலத்து வானசாஸ்திரக் கணக்கில் திருத்தியது. ஒன்றில் ஒரு நட்சத்திரம் முடிகிற நேரம் மற்றதில் கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும். அந்த இடைவெளிக்குள் பிறக்கிற பிள்ளைக்கு ஒரு கணக்கில் ஒரு நட்சத்திரம், மற்றக் கணக்கில் இன்னொன்று. பேப்பர்க்காரனும் பால்காரனும் வருகிற நேரத்துக்குள் அவசரப்பட்டுப் பிறந்த அனோஜா நேரே அந்த இடைவெளிக்குள்தான் விழுந்திருந்தாள். ஒன்றில் அவள் ஆயிலியத்தின் வால், மற்றதில் மகத்தின் தலை.

மறுநாள் வேலை முடிந்து அனோஜாவே வந்துவிட்டாள். துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் கொம்பனியில் வேலை. கன்டெய்னர் ஏற்றுகிற ஆம்பிளைகளை ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் மாறிமாறி ஏசிப் பழகிய குரல். உள்ளே வந்தவள் இருப்பதற்கு முதல், சார்ஜரில் ஊதிப்போய்க் கிடந்த சுரேகாவின் பழைய போனைப் பிடுங்கி மேசையில் வைத்தாள்.

"இது வெடிக்கும் ஆன்ட்டி. இண்டைக்கே பற்றறி மாத்துங்கோ. யோசிக்கிறதுக்கு ஒண்டும் இல்லை."

"சரி, நீ முதல்ல இரு பிள்ளை. தேத்தண்ணி போடுறன்."

"தேத்தண்ணி வேண்டாம். ராகுலன் எல்லாம் சொன்னவர். அம்மா என்ன சொன்னாலும் கட்டுவன் எண்டும் சொல்லுறார். அது எனக்குத் தெரியும், அவர் கட்டுவார்." அனோஜா கைப்பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டாள். "ஆனா ஆன்ட்டி, நான் தேத்தண்ணி கொண்டுவந்து குடுக்கேக்க அந்த அம்மா என்ர முகத்தைப் பாத்துப் பயப்பிடுற வீட்டுக்கு நான் போகமாட்டன். ஒரு காய்ச்சல் வந்தாலும் என்னைத்தான் பாப்பினம். ஒவ்வொரு நாளும் அப்பிடி என்னால இருக்க ஏலாது."

அதுவரை திமிராகவே பேசியவளின் கண் அப்போது கலங்கியது. கலங்கியதற்குத் தன்மேலேயே எரிச்சல்பட்டவள்போல் புறங்கையால் துடைத்தாள். அவளுக்கு ராகுலனை எவ்வளவு பிடித்திருக்கிறது என்பதைச் சுரேகா அந்தத் துடைப்பில் கண்டாள். பேசிச் செய்த கலியாணம்தான். ஆனால் பேசியவர்களைக் கேட்காமலே இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டுவிட்டன.

"அழாதையம்மா! நான் பேசினது ஒண்டும் குழம்பினதில்லை."

"குழப்பினதே நீங்கள்தானே ஆன்ட்டி. நீங்களே சரியாக்குங்கோ. ஆனா ஏமாத்து வேலை வேண்டாம், அந்த அம்மாவுக்குப் பயம் போகவேணும்" என்று கட்டளை போட்டுவிட்டு, போகிற வழியில் கசிந்துகொண்டிருந்த குசினிப் பைப்பையும் இறுக்கிப் பூட்டிவிட்டுப் போனாள்.

அடுத்த நாள், பேருவளையால் திரும்பிய நிஹ்லா கடை திறக்கும்போதே சுரேகா கதவடியில் நின்றாள். கதையைக் கேட்டு முடித்த நிஹ்லா கையைக் கன்னத்தில் வைத்தாள்.

"அல்லாஹ்! சாதகம் எண்டு நீங்க சொன்னது ஒரு புரோகிராமா? இது ஒரு காலத்துச் சாமான் ஆன்ட்டி. புது விண்டோஸ் இத வாசிக்கவே மாட்டாது."

"அப்ப என்ர இருபது வருசம்?"

"பொறுங்க. சீடி ஈக்கிதா?"

சுரேகா கைப்பையிலிருந்து சீடியை எடுத்தாள். சாமியறையில் வைத்திருந்தபடியால் மேலே ஒரு திருநீற்றுக் கோடு இருந்தது. நிஹ்லா அதைப் பக்குவமாகத் துடைத்துவிட்டுத் தன் மடிக்கணினியில் வேலையைத் தொடங்கினாள். "இப்ப என்ன செய்யப் போறேன் எண்டா, இந்தப் புதுக் கம்ப்யூட்டருக்குள்ள ஒரு பழைய கம்ப்யூட்டர நடிக்க வைக்கிறேன். உங்கட புரோகிராம் தான் இன்னும் பழைய வீட்டிலதான் ஈக்கிறேன் எண்டு நினைக்கும்."

"அதை ஏமாத்துறீரோ?"

"அதத்தான்" என்று சிரித்தாள் நிஹ்லா. கொஞ்ச நேரம் தட்டினாள். பிறகு நிமிர்ந்து, "ஆன்ட்டி, ஒண்டு கேக்கிறேன். இவ்வளவு பாடு என்னத்துக்கு? அந்தத் தாமரைக் கடதாசியில ஆயிலியத்த அழிச்சுப் போட்டு மகம் எண்டு அடிச்சுத் தரட்டா? நல்ல விசயத்துக்குத்தானே" என்றாள்.

சுரேகா கதிரையிலிருந்து எழும்பியே விட்டாள். "என்ன கதை கதைக்கிறீர் பிள்ளை! பெடியன்ர உயரத்தைக் கூட்டியிருக்கிறன். சம்பளத்தைக் கூட்டியிருக்கிறன். மொட்டையை நெத்தி அகலம் எண்டு சொல்லியிருக்கிறன். சாதகத்தில கை வைச்சதில்லை. அதிலயும் வைச்சா பிறகு என்னட்ட என்ன கிடக்கு?"

"சரி சரி, இருங்க" என்றாள் நிஹ்லா. "எங்கடயிலயும் இந்தக் கதை ஈக்கிதுதானே. பிறை பாக்கிறதில ரெண்டு கட்சி. ஒரு வீட்டில பெருநாள், பக்கத்து வீட்டில இன்னும் நோன்பு. எங்கட உம்மா என்ன செய்வா தெரியுமா? பெருநாள் இனிப்பு வட்டிலாப்பத்த ரெண்டு வீட்டுக்கும் அனுப்புவா, நோன்பு வீட்டுக்கு மட்டும் மூடி வைச்சு."

அந்த நேரம் மடிக்கணினியிலிருந்து கீச்சு நாதஸ்வரம் ஊதியது. கடையில் போன் திருத்த வந்திருந்த ஒரு சிங்களப் பெண் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். சுரேகாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அனோஜாவின் திகதியை அடித்தாள். மகம், ஒன்றாம் பாதம். எட்டுப் பொருத்தம்.

"எங்கட ஆள் வந்திட்டார்!" என்று மேசையில் தட்டினாள். நிஹ்லா ஒரே மடிக்கணினியில் இரண்டு புரோகிராமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சனிக்கிழமைக்கு அதை இரவலாகவும் கொடுத்துவிட்டாள்.

சனிக்கிழமை பின்னேரம் கிருலப்பனைக்குப் போக ஓட்டோவை மறித்தாள். "மல்லி, கிருலப்பனட்ட யமுத?" என்று ஓட்டோத் தம்பியைச் சிங்களத்தில் கேட்டு ஏறி, மடிக்கணினியை மடியில் குழந்தைபோல் அணைத்துக்கொண்டாள். வெல்லப் போகிறேன் என்ற எண்ணம் அவளுக்கு ஹவ்லொக் வீதிச் சந்தியிலேயே வந்துவிட்டது. சிவமலர் பழைய கடதாசியைக் கண்டால் போதும், பயம் தெளிந்துவிடும் என்பது அவள் கணக்கு.

சிவமலரின் வீட்டு முன்னறையில் சிவமலரும் கணவர் நவரத்தினமும் ராகுலனும் இருந்தார்கள். நவரத்தினம் ஓய்வுபெற்ற வங்கிக்காரர். ஒரு நாளைக்கு அவர் பேசுகிற வசனங்களை விரலில் மடக்கலாம். ராகுலன் சவரம் செய்யாமல் இருந்தான். மேசையில் பொரித்த ரோல்ஸும் தேத்தண்ணியும் வந்தன. சுரேகா தேத்தண்ணியைத் தொடாமல் மடிக்கணினியைத் திறந்து நாதஸ்வரத்தை ஊதவிட்டாள்.

"பாருங்கோ அக்கா. உங்கட குடும்பம் எந்தப் பஞ்சாங்கம்? வாக்கியம். அவையின்ர? அதுவும் வாக்கியம். நான் ரெண்டு பேருக்கும் பாத்தது வாக்கியத்தில. இந்தா, மகம். மற்றது வேற கணக்கு. அதை நான் அவசரத்தில அனுப்பினது என்ர பிழைதான், ஆனா பிள்ளையின்ர நட்சத்திரத்தில பிழை இல்லை."

சிவமலர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுத் திரையில் இருந்த இரண்டு பக்கத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். ஒன்றில் மகம். மற்றதில் ஆயிலியம். அவள் முகம் தெளியவில்லை.

"ரெண்டும் கம்ப்யூட்டர்தானே சொல்லுது சுரேகா. எது பொய் எண்டு நான் எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? உமக்கு மகம் வேணும், நீர் மகத்தைக் காட்டுறீர்."

"ஐயோ அக்கா, நான் அப்பிடிச் செய்யிற ஆளோ!"

"கோவிக்காதையும்." சிவமலர் சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். "ஒரு வேலை செய்வம். என்ர பிறந்த திகதியையும் நேரத்தையும் ரெண்டிலயும் போடும். இவற்ரயையும் போடும். என்ர சீவியம் எனக்குத் தெரியும்தானே. எது என்ர சீவியத்தைச் சரியாச் சொல்லுதோ, அதுதான் உண்மையான புரோகிராம். அது சொல்லுறதை நான் கேக்கிறன்."

இது நல்ல யோசனை என்று சுரேகாவுக்கே பட்டது. எத்தனை மாமியார்மாரைக் கண்டவள், இப்படி ஒரு பரீட்சை வைத்தவளை அவள் கண்டதில்லை. தன் நாதஸ்வரக்காரன் இதில் தோற்கமாட்டான் என்று அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. விறுவிறென்று அடித்தாள்.

இரண்டிலும் சிவமலருக்கு அத்தம். ஒரு பழமொழியிலும் மாட்டிக்கொள்ளாத, யாருக்கும் தீங்கு சொல்லாத நல்ல நட்சத்திரம். நவரத்தினத்தோடு ஒன்பது பொருத்தம், அதுவும் இரண்டிலும்.

"பாத்தீங்களே! உங்களில ரெண்டுக்கும் சண்டையே இல்லை. ஒன்பது அக்கா, ஒன்பது! இப்பிடி நான் ஆயுளுக்கும் ரெண்டோ மூண்டோதான் கண்டிருப்பன்." சுரேகாவின் குரல் பழையபடி ஏறிவிட்டது. "இருங்கோ, பலனையும் வாசிக்கிறன். முதல் எங்கட பழைய ஆள். 'இப்பெண் புகுந்த வீட்டுக்கு விளக்கு. இவள் காலடி பட்ட வேளை முதல் மாமியார் பிணி நீங்கி நீண்ட ஆயுள் பெறுவார்.' இதைக் கேட்டீங்களே? இனிப் புதுசு. 'மாமியாரின் அன்புக்கு உரியவள். மாமியார்...'"

நவரத்தினம் கோப்பையை மேசையில் வைத்தார். சத்தம் கேட்கும்படி வைத்தார். சுரேகா நிமிர்ந்து பார்த்தாள். ராகுலன் தாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிவமலர் ஒருவரையும் பார்க்கவில்லை.

"என்ன? நான் ஏதும் பிழையா வாசிச்சிட்டனோ?"

"என்ர அம்மா எங்கட கலியாணம் முடிஞ்சு நாப்பது நாளும் இருக்கேல்லை" என்றார் நவரத்தினம். அன்றைக்கு அவர் பேசிய முதல் வசனம் அது. "நல்லா நிண்டவ. முத்தத்தில மிளகாய் காயப்போட்டுக்கொண்டு நிண்டவ, அப்பிடியே விழுந்திட்டா."

  ஒன்பது பொருத்தம் திரையில் பச்சையாக மினுங்கிக்கொண்டிருந்தது. மடிக்கணினியை மூடவும் அவளுக்குக் கை வரவில்லை.

சிவமலர்தான் பேசினாள், ஆனால் அவர்களோடு பேசுவது போலில்லை. "செத்தவீட்டில பிரேதம் கிடக்குது. நான் புதுப்பொம்பிளை, நகத்தில மருதாணிகூட முழுக்க அழியேல்லை. தலைமாட்டில இருந்து அழுதுகொண்டிருக்கிறன். இவற்ர சின்னம்மா எனக்குக் கேக்கத்தக்கதாச் சொன்னா, 'வந்த காலடி அப்பிடி' எண்டு." அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். "முப்பத்து மூண்டு வருசம். மாமிக்கு எதால வந்தது எண்டு ஒரு டொக்டரும் பாக்கேல்லை. எல்லாரும் என்ர காலைத்தான் பாத்தவை. இண்டைக்கும் ஒரு புது வீட்டுக்குள்ள கால் வைக்கிறதெண்டா எனக்கு நெஞ்சு இடிக்கும். இவருக்கும் தெரியும். இவர் ஒரு நாளும் ஒண்டும் சொன்னதில்லை, கேட்டதுமில்லை."

"சொல்ல என்ன கிடக்கு மலர். உன்னில ஒரு பிழையும் இல்லை" என்றார் நவரத்தினம்.

"அதை அண்டைக்குச் சொல்லியிருக்கலாமே நீங்கள்!" என்று வெடித்தாள் சிவமலர். முப்பத்து மூன்று வருசக் கோபமும் அந்த ஒரு வசனத்தில் வந்தது. "சின்னம்மாவுக்கு முன்னால நிண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!"

நவரத்தினம் தலையைக் குனிந்துகொண்டார். 

சிவமலர் அழுதாள். அழுது முடித்துத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். பிறகு மடிக்கணினித் திரையை ஒரு விரலால் தட்டினாள். "அத்தத்தில பிறந்து, ஒன்பது பொருத்தத்தோட போன எனக்கே இப்பிடி எண்டா, இந்தக் கோதாரி ஆயிலியத்தை வைச்சுக்கொண்டு நான் அந்தப் பிள்ளைக்கு என்ன செய்யப் பாத்தனான்? சின்னம்மா எனக்குச் செய்ததைத்தானே?"

"அம்மா..." என்றான் ராகுலன்.

"நீ பேசாமல் இரு. என்ர போனைத் தா."

ராகுலன் எடுத்துக் கொடுத்தான். சிவமலர் குடும்ப வட்ஸப் குறூப்பைத் திறந்தாள். டொரொன்டோ, லண்டன், சிட்னி, கொக்குவில் என்று நாலு திசையிலும் இருக்கிற அறுபது எழுபது பேர் அதில் இருந்தார்கள். காலை வணக்கமும் ரோசாப்பூவும் மட்டுமே அனுப்புகிற அந்தக் குறூப்பில், குரல் பதிகிற பொத்தானை அமத்திப் பிடித்து, போனை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

"நான் சிவமலர் கதைக்கிறன். எல்லாரும் கேளுங்கோ. ராகுலன்ர கலியாணம் நிச்சயம், பொன்னுருக்கல் நாள் பிறகு சொல்லுறம். மருமகளின்ர நட்சத்திரம் ஒரு பஞ்சாங்கத்தில மகம், மற்றதில ஆயிலியம். கேள்விப்பட்டு நீங்கள் கதைக்க முன்னம் நானே சொல்லுறன். எனக்குப் பிறஷர் இருக்கு. நான் குளுசை ஒழுங்காப் போடுறதில்லை. அதால நான் கலியாணத்துக்கு அடுத்த நாள் செத்தாலும், பத்து வருசத்தால செத்தாலும், பிறஷராலதான் செத்தனான். அந்தப் பிள்ளையின்ர காலைப் பாக்கிற ஒருத்தரும் என்ர செத்தவீட்டுக்கு வரவேண்டாம். வந்தா, நான் எழும்பி வந்து ஏசுவன்."

விரலை எடுத்தாள். அது பறந்துவிட்டது. சுரேகா ஒரு கலியாண வீட்டில் கேட்டதிலேயே பெரிய சத்தியம் அதுதான் என்று நினைத்தாள். வாய்விட்டே அழுதாள், அழுவதற்கு வெட்கப்படவுமில்லை.

ராகுலன் அதற்குள் அதை அனோஜாவுக்கும் அனுப்பிவிட்டிருந்தான். குறூப்பில் ஒருவரும் இன்னும் வாய் திறக்கவில்லை. லண்டனிலிருந்து சின்னம்மாவின் மகள் மட்டும் ஒரு கும்பிடு போட்டாள். எல்லோரும் ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தபோது ராகுலனின் போன் டிங் என்றது. அனோஜாவின் குரல் வந்திருந்தது. பின்னால் பஸ் ஹோர்னும் கொச்சிக்கடைச் சந்தடியும் கேட்டன.

"மாமி." அதுவரைக்கும் அவள் சிவமலரை ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டிருந்தாள். குரல் அந்த ஒரு சொல்லில் உடைந்து, ஒரு முறை செருமி, உடனே நேராகிக்கொண்டது. "மாமி, அதென்ன குளுசை போடுறதில்லை எண்டு ஊருக்கெல்லாம் சொல்லுறீங்கள்? நான் நாளைக்குக் காலமை பிறஷர் பாக்கிற மெஷின் ஒண்டு வாங்கிக்கொண்டு வாறன். இதுவரைக்கும் டொக்டர்மார் எழுதித் தந்த துண்டெல்லாத்தையும் எடுத்து மேசையில வையுங்கோ. சாப்பாட்டில உப்பை இண்டைக்கே குறையுங்கோ. ரோல்ஸ் இனி இல்லை. ராகுலன், நீரும் கேட்டுக்கொள்ளும். யோசிக்கிறதுக்கு ஒண்டும் இல்லை."

சிவமலர் கையில் பாதி கடித்த ரோல்ஸோடு அப்படியே இருந்தாள். அதைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், ரோல்ஸைத் தட்டில் வைத்தாள். பிறகு சுரேகாவின் பக்கம் திரும்பினாள்.

"நீர் சொன்னதுதான் சரி சுரேகா" என்றாள். "இது மகம்தான்."